கொழும்புக்குப் போய்ப் படித்தால்தான் உடுப்பு வடிவமைக்கலாமா?

(நமது தோட்டங்களின் தையல் வகுப்புப் பிள்ளைகள் வடக்குக்குப் பயணம் போனபோது, பரந்தனில் ஒரு தையற்கடையைப் பார்க்கச் சென்றார்கள். கடையை நடத்தும் அம்மா 1977ஆம் ஆண்டு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பத்தைச் சேர்ந்தவர். அன்று அவர் பிள்ளைகளிடம் பேசியதை, அவருடைய பேச்சை அதிகம் மாற்றாமல் இங்கே தருகிறோம்.)



மலையில இருந்து வந்தவங்களுக்கு இந்த வெயில் பழக்கமில்லைன்னு எனக்குத் தெரியும். வாசல் பக்கம் காத்து வரும், கொஞ்சம் தள்ளி உட்காருங்க. தண்ணி வேணும்னா பானையில இருக்கு.

நான் மேடையில் பேசிப் பழகினவள் இல்லை. தையலைக் காட்டித் தருவோம் என்றுதான் இருந்தேன். ஆனால் காலையில் கடைக்குள் வந்ததும் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது: "அக்கா, ஃபேஷன் டிசைனர் ஆகணும்னா கொழும்புல கோர்ஸ் படிச்சேதான் ஆகணுமா? எங்கம்மாவுக்கு ஈ.பி.எஃப். காசு வரப்போகுது. அதைக் கட்டிப் படிக்கவான்னு யோசிக்கிறோம்."

முப்பது வருசம், நாற்பது வருசம் கொழுந்து பறித்த காசு அது. அதனால் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தையல் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் என் கதை. 1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் இந்தப் பக்கம் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. லயத்தில் இருந்தபோது அம்மா குளிருக்குப் பழைய கம்பளியை வெட்டி எங்களுக்கு மேற்சட்டை தைக்கும். கையால்தான், மெசின் ஏது? இங்கே வந்து முதல் வாரம் அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு நாங்கள் வெந்து போனோம். அம்மா ஒன்றும் பேசாமல் கையை வெட்டியது, கழுத்தை இறக்கியது, கைக்குழியைப் பெருசாக்கியது. இப்போது யோசித்தால் அதுதானே டிசைன். போடுகிற ஆளையும் போடுகிற இடத்தையும் பார்த்துத் துணியை மாற்றுவது.

நீங்களும் இதை வீட்டிலேயே பார்த்திருக்கிறீங்க. கொழுந்துக்குப் போகும்போது அம்மாமார் இடுப்பில் கட்டுகிற படங்கு இருக்கே, அதை யார் வரைந்து கொடுத்தது? எந்தத் துரையும் கொடுக்கவில்லை. தேயிலைச் செடி இடிக்கிற உயரத்துக்கு இரண்டு மடிப்பு வைப்பாங்க. நடக்கும்போது கால் தடுக்காத மாதிரி ஓரத்தைத் தூக்கிச் செருகுவாங்க. முடிச்சைப் பின்னால் போட்டால் கூடை அழுத்தும் என்று பக்கத்தில் போடுவாங்க. மழைக்கு ஒரு கட்டு, வெயிலுக்கு ஒரு கட்டு. பெரிய கம்பெனிக்காரன் ஆட்களை வைத்து ஆராய்ந்து செய்கிற வேலையை நம்ம ஆட்கள் மலையிலேயே நின்று செய்திருக்கிறாங்க. அதற்காகப் படங்கைப் புகழ்ந்து பாட வரவில்லை. நனைந்தால் அது எவ்வளவு பாரம், ஈரம் எப்படி இடுப்பில் ஊறும் என்று கட்டினவங்களுக்குத்தான் தெரியும். அதைவிட நல்லதாக ஒன்றைச் செய்ய உங்களில் யாராவது யோசித்தால், அந்தப் பிள்ளையை நான் டிசைனர் என்றுதான் சொல்வேன்.

சரி, அப்படியென்றால் படிப்பே வேண்டாமா? அவசரப்படாதீங்க. அடுத்து நான் தலைகுனிந்த கதை.

பதினைந்து வயதில் பரந்தன் சந்தியில் ஒரு தையற்கார ஐயாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருசம் பட்டன் வைப்பதும் விளிம்பு மடித்துத் தைப்பதும் தையல் பிரிப்பதும்தான். கத்தரிக்கோலைத் தொட விடமாட்டார். மூன்றாம் வருசத்தில்தான் வெட்டப் பழகினேன். அவர் கடதாசியில் ஒன்றும் போடமாட்டார். சோக்கால் நேரே துணியில் நாலு கோடு, அவ்வளவுதான். நானும் அப்படியே பழகினேன். ஆளைப் பார்த்தால் அளவு சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பிறகு இடப்பெயர்வுகள். 1996இல் ஒரு முறை, 2008 கடைசியில் இன்னொரு முறை. இரண்டாம் முறை மெசினின் தலையை மட்டும் கழற்றி உரப் பையில் சுற்றிக்கொண்டு போனோம், இரும்புக் கால் இங்கேயே போய்விட்டது. அதைப் பற்றி இன்றைக்கு வேண்டாம். திரும்பி வந்து 2011இல் ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஓடர் கிடைத்தது. எண்பது வெள்ளைக் கவுண். அவ்வளவு பெரிய ஓடரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆள் ஆளாக அளவெடுக்க நேரமில்லை. 24 அங்குல மார்புக்கு ஒன்று நன்றாக வெட்டினேன். அதை வைத்து 26, 28, 30 என்று பெருசாக்கினேன். எப்படி? மார்பு இரண்டு அங்குலம் கூடினால் நாலாய் மடித்த துணியில் அரை அங்குலம் கூட்ட வேண்டும். அது சரி. நான் செய்த மடத்தனம், கழுத்துக்கும் ஒவ்வொரு சைஸுக்கு அரை அங்குலம் கூட்டினேன். துணியை வெட்டி, எல்லாம் தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தால், பெரிய பிள்ளைகளுக்குக் கழுத்து தோளைவிட்டு வழுக்கி விழுகிறது. கழுத்து பெருசானால் திரும்பச் சிறுசாக்க முடியாது, தையல் தெரிந்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாதிக்கு மேல் சொந்தக் காசில் துணி வாங்கித் திரும்பத் தைத்தேன். அந்த வருசம் முழுக்கக் கடன்.

அப்போது என்னோடு வேலை செய்ய ஒரு பிள்ளை வந்திருந்தது. ஆறு மாதப் பயிற்சி முடித்த பிள்ளை, இருபது வயதுகூட இல்லை. அது சொன்னது: "அன்ரி, கழுத்து அகலத்துக்கு மார்பில பன்னிரண்டில ஒரு பங்குதான் எடுக்கிறது. 24க்கு இரண்டு அங்குலம், 30க்கு இரண்டரை. மார்பு ஆறு அங்குலம் ஏறினாலும் கழுத்து அரை அங்குலம்தான் ஏறும்." நான் ஒன்றரை ஏற்றியிருந்தேன். இருபத்தைந்து வருசம் தைத்தவளுக்குத் தெரியாதது, ஆறு மாதம் படித்த பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இரவிலே அந்தப் பிள்ளையிடம் பிறவுன் பேப்பரில் வரையப் பழகினேன்.

அதனால்தான் சொல்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு சட்டை தைக்கக் கைப்பழக்கம் போதும். நூறு பேருக்கு ஒரு சட்டை என்றால் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு தானாக வராது, யாராவது சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்லித்தர லட்சக்கணக்கில் வாங்குகிற இடம்தான் வேண்டும் என்பதில்லை.

போனில் நீங்கள் பார்க்கிற வெளிநாட்டு டிசைனர்களையும் கொஞ்சம் பார்ப்போம். பிரான்சில் மடலேன் வியோனே என்று ஒரு அம்மா, 1876இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதாகும் முன்பே தையற்காரியிடம் வேலைக்கு விட்டுவிட்டார்கள். டிசைன் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. சின்ன மரப் பொம்மையில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, துணியைக் கோணலாக வைத்து வெட்டினால் அது இழுபட்டு உடம்போடு ஒட்டி நிற்கும் என்பதை வைத்தே பெரிய பெரிய உடுப்புகள் செய்தார். நாம் சாரி பிளவுசுக்கு முன்பக்கத்தை கிராஸ் வெட்டு வெட்டுகிறோமே, அதே சங்கதிதான்.

லண்டனில் அலெக்சாண்டர் மக்குயின் என்று ஒருவர், 1969இல் பிறந்தவர், டாக்சி ஓட்டுபவரின் மகன். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கோட்டு தைக்கிற கடையில் வேலை பழகினார். சில வருசம் கழித்து ஒரு பெரிய டிசைன் கல்லூரிக்கு வெட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலை கேட்டுப் போனார். வேலை கிடைக்கவில்லை, மாணவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1992இல் படிப்பை முடித்தார். முதலில் கை, பிறகு கல்லூரி. கல்லூரிக்குப் போகும்போது அவரிடம் ஏற்கனவே தொழில் இருந்தது, அதனால் அந்தப் படிப்பு அவருக்குப் பிரயோசனப்பட்டது என்பது என் எண்ணம். ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாமல் போய்ச் சேர்ந்தால் அழகாகப் படம் வரையலாம். அந்தப் படத்தைத் தைக்க வேறு ஆளைத் தேடவேண்டும்.

நம் நாட்டிலேயே, உங்களுக்குப் பக்கத்தில் மாத்தளை அலுவிகாரையில், ஏனா டி சில்வா அம்மையார் ஊர்ப் பெண்களை வைத்துப் பத்திக்கும் பூத்தையலும் செய்வித்தார். கொழும்பில் அவர் தொடங்கிய பத்திக் வேலை பெந்தோட்டை ஹோட்டல் ஒன்றின் கூரையையே அலங்கரித்தது. இதையெல்லாம் அந்த அம்மா தனியாகவா செய்தார்? எத்தனை பெண்களின் கை அதில் இருந்தது.

உங்களில் நிறையப் பேருக்கு அக்காமார் ஆடைத் தொழிற்சாலையில் இருப்பாங்க. இங்கேயும் கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கம் தொழிற்சாலை இருக்கு, எங்கட ஊர்ப் பிள்ளைகள் போய் வருகிறார்கள். மாதச் சம்பளத்துக்கு நல்லது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே லைனில் ஒரு பிள்ளை கொலர் மட்டும் தைக்கும், இன்னொன்று கை மட்டும் ஏற்றும். ஐந்து வருசம் வேலை செய்துவிட்டு வந்து முழுச்சட்டை வெட்டத் தெரியாது என்கிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வேலையில் வேகம் இருக்கும், தொழில் முழுசாக இருக்காது. அங்கே டிசைன் பகுதிக்குப் போவதென்றால் கதை வேறு. அதற்குப் படிப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் நாம் வாதாடிப் பயனில்லை.

அப்படிப் போக ஆசையிருந்து, உயர்தரம் படிக்கிற பிள்ளை இங்கே யாராவது இருந்தால் கவனமாகக் கேளுங்க. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புக்கு நாலு வருசப் பட்டப்படிப்பு இருக்கு. அரசாங்கப் பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் இல்லை. உயர்தரத்தில் சித்தியடைந்து, அவர்கள் வைக்கிற உளச்சார்புப் பரீட்சையிலும் தேறவேண்டும். ஆங்கிலம் வேணும். காசு கட்டுகிற கோர்ஸைப் பற்றி எல்லாத் தோட்டத்துக்கும் தெரியுது, காசு கட்டாத இந்தப் படிப்பைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. உயர்தரம் படிக்கிற பிள்ளை தயவுசெய்து படிப்பை விட்டுவிட்டு மெசினில் வந்து உட்காராதே.

ஏற்கனவே தைக்கத் தெரிந்தவங்களுக்கு இன்னொரு வழி. தேசிய தொழில் தகைமை, என்.வீ.கியூ. என்பார்கள், ஒன்றிலிருந்து ஏழு வரை நிலைகள். அதை வகுப்பில் இருந்துதான் வாங்கவேண்டும் என்றில்லை. வேலை செய்து பழகினவங்களைப் பரிசீலித்தும் கொடுப்பார்கள், முன்கற்றலை அங்கீகரிப்பது என்று அதற்குப் பெயர். நைட்டா அலுவலகத்தில் விசாரியுங்க. மதிப்பிடுபவர் முன்னால் அளவெடுத்து, வெட்டி, தைத்துக் காட்ட வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் எடுத்தேன். கை நடுங்கியது, கழுத்துக் கணக்கைத்தான் முதலில் கேட்டார்கள்! அந்தக் கடதாசியைக் காட்டித்தான் வங்கிக் கடன் வாங்கி இந்த ஓவர்லொக் மெசின் எடுத்தேன்.

இப்போது ஈ.பி.எஃப். காசுக்கு வருகிறேன். மகள், நீ எங்கே இருக்கிறாய்? ஆ, அங்கே. அந்த இடத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போ. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா, முடித்தால் எந்த நிலைச் சான்றிதழ் என்று கேள். சுற்றி வளைத்துப் பேசினால் எழும்பி வா. பதில் சரியாக இருந்தால், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் கத்தரிக்கோல் பிடிக்க விடுவார்கள், எத்தனை மணித்தியாலம் படம் காட்டுவார்கள் என்று கேள். போன வருசம் முடித்த பிள்ளை ஒருத்தியின் போன் நம்பர் வாங்கி, அவள் தைத்த சட்டையைப் பார். தையலை உள்பக்கம் திருப்பிப் பார்.

என்னைக் கேட்டால், அம்மாவின் காசை முழுசாக அதில் போடவேண்டாம். அதில் ஒரு பங்குக்கு நல்ல மெசின் ஒன்று வாங்கு. தொழிற்பயிற்சி அதிகார சபையின் வகுப்பு உங்கள் பக்கம் எங்கே நடக்கிறது என்று விசாரித்து, வெட்டும் கணக்கையும் பழகு. இரண்டு வருசம் லயத்து ஆட்களுக்கும் டவுன் ஆட்களுக்கும் தை. அதற்குப் பிறகும் டிசைன் படிக்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் போ. அப்போது என்ன கேட்டுப் படிப்பது என்று உனக்கே தெரியும். அம்மாவின் மிச்சக் காசு அவருடைய முழங்கால் வலிக்கு மருந்து வாங்க இருக்கட்டும். தாய்மார் சிரிக்கிறீங்க, உண்மைதானே?

பேச்சு நீண்டுவிட்டது. மேசையில் பிறவுன் பேப்பர் வைத்திருக்கிறேன், பென்சிலும் அளவு நாடாவும் இருக்கு. இரண்டு இரண்டு பேராக வாங்க, ஒருத்தரை ஒருத்தர் அளவெடுங்க. மார்பை எழுதி, பன்னிரண்டால் பிரித்து, கழுத்தைப் போடுங்க. முதல் கோட்டை நான் பார்த்த பிறகுதான் வெட்டவேண்டும், சரியா?