யானைக்கு வைத்தியம் பயில்வோர்

பசுவுக்கும் எருமைக்கும் வைத்தியம் கற்றுத் தேர்ந்த இளைஞர் ஒருவர், காடுகள் மிகுந்த ஒரு ஜில்லாவில் உத்தியோகம் ஏற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களுக்குள் ஒருநாள் அதிகாலையில் அவருக்கு அழைப்பு வருகிறது. வன முகாமில் ஒரு பெண் யானை முந்திய இரவு முதல் தீனியைத் தொடவில்லை. கல்லூரியில் யானையைப் பற்றி அவர் படித்தது உண்டு. தேர்வில் எழுதியதும் உண்டு. ஆனால் யானையின் காதோரம் கை வைத்து இரத்தநாளத்தைத் தேடிப் பார்த்தது இல்லை. எதிரில் மூன்று டன் எடையுள்ள நோயாளி நிற்கிறது. பக்கத்தில் பாகர் நின்று, டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று முகத்தையே பார்க்கிறார். இந்த வேளைக்கு அவரைத் தயார் செய்வது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஊரை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கு, யானை என்றதும் கோயில் வாசலே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் தேசம் முழுவதையும் நோக்கினால் யானையின் பெரும் இருப்பிடம் காடே. 2025ஆம் ஆண்டு வெளியான கணிப்பு, சாணத்திலிருந்து எடுத்த மரபணுக்களைக் கொண்டு செய்யப்பட்டது. அதன்படி இந்தியக் காடுகளில் ஏறத்தாழ 22,446 யானைகள் உள்ளன. கர்நாடகம் முதலாவது, அஸ்ஸாம் இரண்டாவது, தமிழ்நாடு மூன்றாவது. 2017ஆம் ஆண்டுக் கணக்கு 27,312 என்று கூறியது உண்மையே. ஆனால் எண்ணிய முறை வேறு. ஆகையால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இத்தனை குறைந்துவிட்டது என்று கழித்துக் காட்டுவது பொருந்தாது. இவை தவிர, மனிதர் வசம் வளரும் யானைகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. அஸ்ஸாமிலும் கேரளத்திலும் அவை மிகுதி. இந்த இரு வகைக்கும் வைத்தியர் வேண்டும். யானையைத் தொட்டுப் பழகிய வைத்தியரோ மிகச் சிலரே.

யானை வைத்தியம் நம் நாட்டுக்குப் புதிதன்று. அங்க தேசத்து அரசனான ரோமபாதனுக்குப் பாலகாப்பிய முனிவர் உபதேசித்ததாகச் சொல்லப்படும் ஹஸ்தியாயுர்வேதம், நோய்களை வகுத்ததோடு நில்லாமல் அறுவைச் சிகிச்சைக்கும் ஒரு பகுதியை ஒதுக்கியது. அஸ்ஸாமில் 1734ஆம் ஆண்டு, அஹோம் அரசரான சிவசிங்கரும் அரசி அம்பிகாவும் ஆதரிக்க, சுகுமார் பர்காத் என்பவர் ஹஸ்தி வித்யார்ணவம் என்னும் நூலை எழுதினார். தில்பர், தோசாய் என்ற இரு ஓவியர் அதற்குச் சித்திரம் தீட்டினர். நூல்கள் இருந்தன, ஆனால் நூலை அறிந்தவரும் யானையை அறிந்தவரும் பெரும்பாலும் வெவ்வேறு மனிதராகவே இருந்தனர். இந்தப் பிளவு இன்னும் முழுதும் மறைந்துவிடவில்லை.

பயிற்சிக்கு வரும் வைத்தியர் முதலில் கற்க வேண்டியது ஊசி போடுவதன்று, நிற்பது. யானையின் எந்தப் பக்கத்தில் நெருங்குவது, பாகரின் குரல் கேட்குமுன் எதைத் தொடக்கூடாது, துதிக்கை எட்டும் தூரம் எவ்வளவு, பின்கால் பக்கவாட்டில் எவ்வளவு வீசும் என்பதையெல்லாம் பாகரிடமே கேட்டு அறிய வேண்டும். முதுமலை, ஆனைமலை முகாம்களில் பாகருக்குத் துணையாக இருப்பவரைக் காவடி என்பர். இவ்விருவரும் யானையோடு ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வாழ்பவர்கள். இன்று இதன் சாணம் வழக்கத்தைவிட உலர்ந்திருக்கிறது, காதை அசைப்பது குறைந்திருக்கிறது என்று அவர்கள் சொல்வது எந்தச் சோதனைச்சாலைக் குறிப்புக்கும் தாழ்ந்ததன்று. பட்டம் பெற்றவர் பாகரின் முன் மாணாக்கராக அமரக் கூசினால், அவருக்கு இந்த வித்தை வராது.

அடுத்தது, யானையின் உடல் எவ்வளவு விசித்திரமானது என்பதைக் கையால் உணர்வது. அதன் உடல் வெப்பம் நம்முடையதைவிடச் சற்றுக் குறைவு. 36 முதல் 37 பாகை செல்ஸியஸ் வரை. அப்பொழுதே விழுந்த சாண உருண்டையின் நடுவில் வெப்பமானியைச் செருகினால் அதை ஓரளவு சரியாக அறியலாம். நாடி நிமிஷத்துக்கு முப்பதை ஒட்டியே துடிக்கும். மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் பெரிதாக ஒன்றும் கேளாது. வளர்ந்த யானையின் நடு உடலை எக்ஸ்ரே ஊடுருவாது. பாதம், துதிக்கை நுனி, தந்தம் ஆகியவற்றைத்தான் படம் எடுக்கலாம். இரத்தம் எடுப்பது காதின் பின்புறத்து நாளத்தில். சொல்லும்போது இது எளிது. ஆனால் காது ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்ய வேண்டும்.

மருந்தின் அளவு மற்றொரு கண்டம். எடை கூடக் கூட மருந்தையும் அதே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போகலாம் என்று எண்ணுவது இயல்பு. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் தேதி, அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்து மிருகக்காட்சிசாலையில், டஸ்கோ என்ற ஆசிய ஆண் யானைக்கு எல்.எஸ்.டி. என்னும் மருந்தை 297 மில்லிகிராம் செலுத்தினர். பூனை தாங்கும் அளவை யானையின் எடைக்குப் பெருக்கிப் பார்த்துக் கணித்த அளவு அது. மதம் என்பதன் தன்மையை ஆராய்வதே அவர்கள் நோக்கம். ஐந்து நிமிஷத்தில் யானை விழுந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தது. அதைக் காப்பாற்றப் பின்னர் கொடுத்த மருந்துகளும் மரணத்துக்குக் காரணமாயிருக்கலாம் என்பர் சிலர். எவ்வாறாயினும், பெரிய மிருகத்தின் உடல் மருந்தைச் செலவிடும் வேகம் சிறிய மிருகத்தினுடையது போன்றதன்று என்பதற்கு இந்த யானையின் கதையை இன்றும் வகுப்புகளில் எடுத்துக் காட்டுகின்றனர்.

மயக்க மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். மற்ற மிருகங்களுக்கு நுரையீரலுக்கும் விலாச் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. யானைக்கு அது இல்லை. நுரையீரல் விலாச் சுவரோடு திசுவால் ஒட்டிக் கிடக்கிறது. ஆகையால் மார்பும் உதரவிதானமும் அசைந்தால்தான் மூச்சு நடக்கும். மயங்கிய யானை பக்கவாட்டில் சாய்ந்தால் பிழைக்கும். நெஞ்சு தரையில் படுமாறு குப்புற விழுந்தாலோ, அதன் சொந்த எடையே மூச்சை அடைத்துவிடும். நல்ல நோக்கத்தோடு போட்ட ஊசி சில நிமிஷங்களில் உயிரைக் குடித்துவிடும். கயிறு கட்டி இழுத்தோ, மற்றொரு யானையைக் கொண்டு தள்ளியோ உடனே ஒருக்களிக்கச் செய்ய வேண்டும். யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பது, மாற்று மருந்து யார் கையில் இருப்பது என்பதை ஊசி போடுமுன்பே முடிவு செய்துவிட வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தவருக்கும், ஒருமுறையேனும் கயிற்றைப் பிடித்து நின்றவருக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் இடுக்கியின் சின்னக்கானலிலும், ஜூன் மாதத்தில் கம்பம் பகுதியிலும் அரிக்கொம்பனைப் பிடித்த செய்தியை நேயர்கள் படித்திருப்பீர்கள். முழுதும் வீழ்த்தாமல் நின்றபடியே மயங்கவைத்து, கும்கிகளின் துணையோடு லாரியில் ஏற்றினார்களே, அதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நாள்தோறும் கைக்கு வரும் வேலை இத்தகைய பரபரப்பு உடையதன்று. பாதத்தைக் கவனிப்பதே அது. யானை ஏறக்குறைய விரல் நுனிகளின் மேல் நிற்கும் பிராணி. பின்னே ஒரு கொழுப்பு மெத்தை அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. காட்டில் பல மைல் நடந்து, பலவகை மண்ணில் உள்ளங்கால் தேய்ந்து தானே சீர்ப்படும். சிமெண்டுத் தளத்தில் சங்கிலியோடு ஒரே இடத்தில் நின்றாலோ, தன் மூத்திரத்தின் ஈரத்திலேயே நின்றாலோ, கொதிக்கும் தார்ச் சாலையில் நடந்தாலோ, நகம் வெடிக்கும். உள்ளங்காலில் பிளவு விழும். அதற்குள் சிறு கல் புகுந்து சீழ் கட்டும். சீழ் எலும்பை எட்டினால் மீள்வது அரிது. காலில் வலியுள்ள யானை படுத்தால் எழ முடியாது. எழாமல் கிடந்தால் அதன் பாரத்தாலேயே தசைகள் நசுங்கும். ஒரு சிறு கல்லுக்கு ஒரு யானையின் உயிரை விலையாகக் கொடுப்பது இவ்விதமே. ஆகவே பயிற்சி முகாமில் வெதுவெதுப்பான பொட்டாஸியம் பெர்மாங்கனேட் நீரில் யானையின் காலை ஊறவைத்து, குளம்பு சீவும் வளைகத்தியும் அரமும் கொண்டு எவ்வளவு சீவுவது, எங்கே நிறுத்துவது என்பதைப் பல நாள் பழக்குவர். சற்று ஆழமாகப் போனால் இரத்தம் வரும். அதன்பின் அந்த யானை பல மாதங்களுக்குக் காலைத் தராது.

க்ஷயரோகச் சோதனையையும் குறிப்பிட வேண்டும். மனிதரைப் பீடிக்கும் அதே கிருமி யானையையும் பற்றும். பெரும்பாலும் நம்மிடமிருந்தே அதற்குச் செல்கிறது. துதிக்கைத் துளையில் 60 மில்லிலிட்டர் அளவுக்குச் சுத்தமான உப்பு நீரைச் செலுத்தி, துதிக்கையை உயர்த்திப் பிடிக்கச் செய்து, பிறகு தாழ்த்தி ஒரு பையில் ஊதச் செய்வர். மூன்று வெவ்வேறு நாட்களில் இவ்வாறு எடுத்து, சோதனைச்சாலையில் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். யானை மனம் ஒப்பி ஊதினால்தான் காரியம் நடக்கும். அங்குசத்தால் குத்தி ஊதச் செய்ய முடியாது. பழமும் பாராட்டும் தந்து பல வாரம் பழக்க வேண்டும். பழைய முரட்டு முறைகளைக் கைவிட்டால் யானை அடங்காது என்று வாதிடுவோர், இந்த ஒரு சோதனையை நேரில் பார்த்தால் போதும் என்பது நம் கருத்து. யானையைச் சோதிக்கும்போது பாகரையும் அவர் குடும்பத்தாரையும் சோதிக்க வேண்டும். இது பல இடங்களில் மறக்கப்படுகிறது.

இவ்வளவையும் எங்கே கற்பது? கேரளத்தில் மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரி, கோயில் யானைகளின் மதகாலச் சிகிச்சையில் நீண்ட அனுபவம் உடையது. அஸ்ஸாமில் கானாபாரா கல்லூரியில் அறுவைச் சிகிச்சை கற்பித்து, 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்ற டாக்டர் குஷல் கோன்வர் சர்மாவை அங்குள்ளோர் ஹாத்தி டாக்டர் என்றே அழைக்கின்றனர். டில்லி நேயர்களுக்கு அருகில், ஆக்ரா செல்லும் வழியில், மதுரா ஜில்லாவின் சுர்முராவில், 2018 நவம்பரில் வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் ஸ்தாபனம் யானைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரியைத் திறந்தது. விழுந்த யானையைத் தூக்கும் பொறி, எடுத்துச் செல்லத்தக்க எக்ஸ்ரே, நீர்ச் சிகிச்சைக் குளம் ஆகியவை அங்கு உண்டு. மாணவர் நின்று பார்த்துக் கற்க ஒரு மேடையும் கட்டியிருக்கின்றனர். மேடை நல்லதே, அதைவிடக் கீழே இறங்கி வாளியைத் தூக்குவது நல்லது. மண்டபத்தில் இரண்டு நாள் படங்களைக் காட்டி, நற்சாட்சிப் பத்திரம் தந்து அனுப்புவதையும் பயிற்சி என்று அழைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் யானைக்கு ஒரு பயனும் இல்லை.

இறந்த யானையும் ஆசிரியரே. 2002ஆம் ஆண்டு மறைந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி தமிழ்நாட்டு வனத்துறையில் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர். ஜெயமோகன் எழுதிய "யானை டாக்டர்" கதை வாயிலாகப் பலரும் அவரை அறிவர். காட்டில் இறந்து அழுகிக் கிடக்கும் யானைகளையும் விடாமல் அறுத்துப் பரிசோதித்தவர் அவர். துப்பாக்கிக் குண்டா, மின்வேலியா, நோயா என்பதை உடல்தானே சொல்ல வேண்டும்? நாற்றத்துக்கு அஞ்சி, இயற்கை மரணம் என்று எழுதிவிட்டுத் திரும்புவது எளிது. அவ்வாறு எழுதப்பட்ட இடத்தில் அடுத்த மின்வேலியைத் தடுப்பார் இல்லை.

அண்மையில் பயிற்சிகளில் மிகுந்த கவனம் பெறுவது, கன்றுகளைக் கொல்லும் ஹெர்ப்பீஸ் வைரஸ் நோய். இதை 1999ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் தனியாக அடையாளம் கண்டனர். வளர்ந்த யானைகளின் உடலில் இக்கிருமி தீங்கின்றி உறங்குகிறது. பால்குடி காலத்தில் தாயிடமிருந்து பெற்ற பாதுகாப்பு குறைந்துவரும் வயதில், ஏறத்தாழ ஒன்று முதல் எட்டு வயதுக்குள், சில கன்றுகளைத் திடீரெனத் தாக்குகிறது. நுண்ணிய நாளங்களின் சுவர் கசிந்து, இதயத்திலும் குடலிலும் இரத்தம் பரவும். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஒடிஸாவின் நந்தன்கானனில் நான்கு கன்றுகள் இதனால் இறந்தன. கேரளக் காடுகளிலும் இந்நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹூஸ்டன் மிருகக்காட்சிசாலையில் ஒரு தடுப்பூசியை முதன்முறை ஒரு யானைக்குப் போட்டனர்; அதன் பலன் இனிமேல்தான் தெரிய வேண்டும்.

அதுவரை கையில் இருப்பவை வைரஸை அடக்கும் மாத்திரை, திரவம், ஒவ்வாமை நேராதபடி முன்பே பொருத்திப் பார்த்து வைத்த பெரிய யானையின் இரத்த நீர் ஆகியவை. இவற்றைத் தொடங்கப் பல சமயங்களில் ஒருநாள்கூட அவகாசம் இராது. நாக்கு நீலமாகி, முகம் வீங்கிய பிறகு வந்த வைத்தியர் பெரும்பாலும் தாமதித்தவரே. அதற்கு முன் தெரிவது அற்ப மாற்றம்: கன்று வழக்கம்போல் படுத்து உறங்கவில்லை, விளையாட்டில் சேரவில்லை, பாலை இழுத்துவிட்டு நிறுத்திவிட்டது. ஆகையால் நல்ல பயிற்சி முகாம்களில் வைத்தியரையும் பாகரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கன்றின் நாக்கைத் திறந்து பார்க்கப் பழக்குகின்றனர். பாகர் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும், கன்று உறங்கவில்லை என்பது மட்டுமே அவர் சொன்ன காரணமாக இருந்தாலும், வைத்தியர் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி.