நிலத்தின் பேரில் வழக்கு இருக்கிறதா? பார்த்துக்கொள்ளுங்கள்

(ஆம்பூர்ப் பகுதி உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உவர் நிலத்தைச் சீர்படுத்துவது பற்றிப் பேசவே என்னை அழைத்திருக்கிறீர்கள். ஜிப்சம் இடுவதையும் தக்கைப்பூண்டு மடக்கி உழுவதையும் பிற்பகல் வயலிலேயே பார்ப்போம். அதற்கு முன் வேறொரு செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற பருவத்தில் மண் மாதிரி எடுக்கப் போன இடத்தில் ஓர் உழவர், "மண்ணைப் பார்த்து என்ன ஆகப்போகிறது ஐயா? பாதி நிலம் என்னுடையது இல்லையாம்" என்றார். பாலாற்றங்கரையில் அவருக்கு ஒன்றரை ஏக்கர். கிணற்று நீர் கெட்டு, தென்னையில் காய்ப்புக் குறைந்ததும் ஷூ கம்பெனி வேலைக்காகக் குடும்பத்தோடு டவுனுக்குப் போய்விட்டார். பங்காளி ஒருவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் பழைய வீட்டுக்கு வந்து, பூட்டிய கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. மழையில் தாள் என்ன ஆயிற்றோ! நிலத்தை அளக்கக் கோர்ட்டுக் கமிஷனர் வந்து நின்றபோதுதான் இவருக்குச் சங்கதி தெரிந்தது. அதற்குள் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகியிருந்தது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இவரைப் போல ஊரை விட்டுப் போனவர்கள் பலர். தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று நம் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த முதற்கணக்கு, உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பிலேயே இடம்பெற்றுள்ளது. நிலம் இங்கே, ஆள் அங்கே என்றாகிவிட்டால் கோர்ட்டுக் காகிதம் கைக்கு வந்து சேருவது கடினம். ஆகவே நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

நிலத்தைப் பற்றிய வழக்கை நிலம் இருக்கும் எல்லைக்குரிய கோர்ட்டில்தான் போட முடியும். நீங்கள் சென்னையில் குடியிருந்தாலும் ஆம்பூர் நிலத்துக்கு இப்பகுதிக் கோர்ட்டைத்தான் பார்க்க வேண்டும். 'இ-கோர்ட்ஸ்' என்னும் அரசு இணையதளத்திலும், அதன் கைபேசிச் செயலியிலும் செலவில்லாமல் தேடலாம். மாநிலம், மாவட்டம், கோர்ட்டு வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, பெயரும் ஆண்டும் கொடுத்தால் பட்டியல் வரும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை.

ஆனால் இதில் சில சிக்கல்கள் உண்டு. பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். முனுசாமி என்பதை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஆகவே முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள். தகப்பனார் காலமாகியிருந்தால் அவர் பெயரிலும் பாருங்கள். பட்டா மாற்றாத குடும்பங்களில் வழக்கு அந்தப் பெயரைச் சுற்றியே வரும். சந்தேகப்படும் எதிராளியின் பெயரையும் விடாதீர்கள். ஓராண்டோடு நிறுத்தாமல் நாலைந்து ஆண்டுகள் பின்னோக்கிப் போங்கள். நிலுவை வழக்கு, முடிந்த வழக்கு இரண்டையும் பாருங்கள். எக்ஸ்பார்ட்டி ஆனது முடிந்த வழக்கில்தான் இருக்கும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. எனவே திருப்பத்தூரில் கிடைக்காவிட்டால் வேலூரிலும் தேடுங்கள். வழக்கு கிடைத்தால் அதற்குரிய 16 இலக்க 'சி.என்.ஆர்.' எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்பதை அதை வைத்தே பார்த்துவிடலாம். இணையம் ஒத்துவராதவர்கள் வக்கீல் மூலம் கோர்ட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் வழக்கே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நிலுவையில் உள்ள வழக்கு அதில் வந்தே தீரும் என்பதில்லை. பக்கத்து நிலத்தை வாங்குகிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது வாங்கிய நிலத்துக்கு அந்த வழக்கின் தீர்ப்பு உங்களையும் கட்டும்.

தபால்காரர் கொண்டுவரும் சம்மனை 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வாங்காவிட்டால் வழக்கு இல்லை என்ற எண்ணம். அப்படி மறுத்தால் சம்மன் சேர்ந்துவிட்டதாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். வாங்கி, அன்றைய தேதியை உறையில் எழுதி வையுங்கள். அதிலிருந்து 30 நாளில் எதிர்வழக்குரை கொடுக்க வேண்டும். கோர்ட்டு அனுமதித்தால் 90 நாள் வரை போகலாம்.

தீர்ப்பே ஆகிவிட்டது என்றாலும் இடிந்து போக வேண்டாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரி 30 நாளில் மனுப் போடலாம். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பு உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து அந்த 30 நாள். வழக்கு வரும் என்று முன்கூட்டியே சந்தேகம் இருந்தால் 'கேவியட்' மனு கொடுத்து வைக்கலாம். அது 90 நாள் செல்லும். அதற்குள் வழக்குப் போட்டு எதிராளி இடைக்கால உத்தரவு கேட்டால் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100க்குப் பேசலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

கோர்ட்டில் நம் பெயர் இருந்தாலே கேடு என்றும் எண்ண வேண்டாம். 1991இல் வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த தோல் கழிவு வழக்கில் 1996இல் தீர்ப்பு வந்தது. அதன் வழியே அமைந்த ஆணையம் பாதிக்கப்பட்ட உழவர்களுக்கு இழப்பீடு விதித்தது. 2001, 2009 ஆண்டுகளின் அந்த இழப்பீட்டை இன்னும் பெறாத குடும்பங்களுக்கு ஆறு வாரத்தில் கொடுக்கும்படி 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் தகப்பனார் பெயர் பட்டியலில் உண்டா, பணம் வாங்கப்பட்டதா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

நான் சொன்ன உழவர், கமிஷனர் வந்த இருபதாம் நாளே மனுப் போட்டுவிட்டார். இன்னும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நிலத்து மண் மாதிரியின் முடிவும் வந்திருக்கிறது. அதைப் பிற்பகல் காட்டுகிறேன்.