தடை விதிக்கப்பட்ட நாட்டிற்குச் சுற்றுலா போகலாமா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை முன்னிட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பின் தலைமை இமாம் அவர்கள் பள்ளிவாசலில் ஆற்றிய உரை. ஜமாஅத்தார் பலரின் வேண்டுகோளுக்கிணங்க இம்மலரில் இடம்பெறுகிறது.)

எல்லாப் புகழும் வல்லோன் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

பள்ளிக்கூட விடுமுறை வந்தால் நம் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் சுருளி அருவிக்கும் மேகமலைக்கும் தேக்கடிக்கும் போய்வந்த காலம் ஒன்றிருந்தது. மிஞ்சிப் போனால் கொடைக்கானல். இன்று பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். கையில் நாலு காசு தங்குகிறது. அல்ஹம்துலில்லாஹ். உம்ராவிற்கு ஆள் சேர்ப்பவர்களும் மக்கா, மதீனாவோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டொரு நாடுகளைச் சேர்த்துத் துண்டறிக்கை அச்சடித்துக் கொடுக்கின்றனர். அதனால் நம்மிடம் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. “ஹஜ்ரத், இன்ன நாட்டின் மீது பொருளாதாரத் தடை இருக்கிறதாம், இன்ன நாட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்கிறார்களாம், அங்கே குடும்பத்தோடு போய் வரலாமா?”

கூடும், கூடாது என்று ஒரே சொல்லில் பதில் எதிர்பார்க்கிறார்கள். அப்படிச் சொல்ல நமக்கு இயலவில்லை. ஏனெனில் எல்லாத் தடைகளும் ஒரே வகையானவை அல்ல.

தடை என்றால் என்னவென்று இப்பள்ளத்தாக்கு மக்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது குமுளிச் சாலை அடைபட்டதை நாம் அனைவரும் கண்டோம். நீர் நம் உரிமை. அதில் மாற்றுக் கருத்தில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் நெல்லும் திராட்சையும் அந்த நீரால் விளைந்தவை. ஆயினும் சாலை அடைபட்டபோது முதலில் அடுப்பு அணைந்தது யார் வீட்டில்? விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலக்காய்த் தோட்டத்திற்குக் கூலிக்குப் போகும் பெண்கள் வீட்டில்தான். அந்த ஜீப்பை ஓட்டியவர் வீட்டிலும், மலையேற முடியாத காய்கறியைச் சந்தையில் வைத்துக்கொண்டு நின்ற விவசாயி வீட்டிலும்தான். தடை நியாயமானதாகவே இருந்தாலும் அதன் சுமை முதலில் ஏழையின் தோளில்தான் இறங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

நபி (ஸல்) அவர்களே தடையை அனுபவித்தவர்கள். நுபுவ்வத்தின் ஏழாம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பனூஹாஷிம் குடும்பத்தாரைக் குறைஷிகள் அபூதாலிப் கணவாயில் ஒதுக்கி வைத்தனர். கொடுக்கல் வாங்கல் இல்லை, பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை என்று எழுதிக் கஅபாவில் தொங்கவிட்டனர். பசியில் குழந்தைகள் அழுத சத்தம் கணவாய்க்கு வெளியே கேட்டது. இலை தழைகளைத் தின்று நாட்களைக் கடத்தினர். அந்நாட்களில் ஹிஷாம் இப்னு அம்ர் என்ற குறைஷிப் பிரமுகர், அப்போது அவர் முஸ்லிமும் அல்லர், இரவு நேரத்தில் ஒட்டகத்தின் மீது உணவை ஏற்றிக் கணவாய் முகப்பில் கொண்டுவந்து, கயிற்றை அவிழ்த்து உள்ளே விரட்டிவிடுவார். அந்தத் தடையை அவர் மதிக்கவில்லை. அந்த மீறலுக்காகவே சீறா ஆசிரியர்கள் அவர் பெயரை இன்றளவும் குறித்து வருகின்றனர்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. யமாமா நாட்டுத் தலைவர் துமாமா இப்னு உதால் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய பின், மக்காவிற்குத் தம் நாட்டிலிருந்து ஒரு மணி கோதுமையும் போகாது என்று நிறுத்திவிட்டார்கள். மக்கா பசியில் தவித்தது. உறவைச் சொல்லிக் குறைஷிகள் நபியவர்களுக்கு எழுதினர். கணவாயில் தம்மைப் பட்டினி போட்ட அதே மக்கள்! பெருமானார் (ஸல்) அவர்கள் தானியத்தை விட்டுவிடுமாறு துமாமாவுக்கு எழுதினார்கள். போர் வேறு, சோற்றுப் பானை வேறு.

அப்படியானால் எல்லாப் புறக்கணிப்பும் தவறா? அதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் சந்ததியார் அங்கே வாழ்கின்றனர். அவர்களையும் கறுப்பின மக்களையும் நிறவெறி அரசு நசுக்கியபோது, 1946இல் அந்நாட்டுடன் வணிகத்தை முறித்துக்கொண்ட முதல் நாடு நம் இந்தியாதான். அப்போது நமக்கு இன்னும் விடுதலையே கிடைக்கவில்லை! நம் நாட்டுக் கடவுச்சீட்டில் தென்னாப்பிரிக்காவிற்குச் செல்லாது என்றே நீண்ட காலம் அச்சிடப்பட்டிருந்தது. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா முன்னேறியது. எதிரணி தென்னாப்பிரிக்கா. சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய அணி அது. ஆட வேண்டாம் என்று அரசு முடிவெடுத்தது. கோப்பை அவர்களுக்குப் போயிற்று. விளையாட்டு வீரனுக்கு அது எளிய இழப்பன்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் புறக்கணிப்பைக் கேட்டவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களேதான். எங்களுக்கும் கஷ்டம் வரும், பரவாயில்லை, வராதீர்கள், வாங்காதீர்கள் என்று அவர்களின் தலைவர்கள் உலகத்தைக் கேட்டனர். 1990 பிப்ரவரியில் சிறையிலிருந்து வெளிவந்த நெல்சன் மண்டேலா, தடையை உடனே எடுத்துவிடாதீர்கள் என்றே நாடு நாடாகச் சென்று சொன்னார். 1993 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில், இனிப் பொருளாதாரத் தடையை நீக்கலாம் என்றும் அவரே கூறினார். பூட்டச் சொன்னவரே திறக்கவும் சொன்னார். அக்காலத்தில் வெறும் கடற்கரை பார்க்க அங்கு போனவர், போராடிய மக்களின் முகத்தில் அடித்தவர் ஆகிறார்.

இதற்கு நேர் எதிர் இராக். ஹனபி மத்ஹபைச் சார்ந்த நம்மவர்களுக்கு பக்தாத் அந்நிய ஊர் அன்று. நம் மத்ஹபின் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல் மறைந்து அங்கே அஃளமிய்யாவில் அடங்கியுள்ளார்கள். முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் அடங்கியிருப்பதும் அந்நகரில்தான். (ஜியாரத் பற்றிய கருத்து வேற்றுமைகளை இன்று நாம் எடுக்கவில்லை, அதற்கு வேறொரு நாள் இருக்கிறது.) குவைத்தை இராக் ஆக்கிரமித்ததை அடுத்து 1990 ஆகஸ்ட் 6இல் பாதுகாப்புச் சபை 661ஆம் தீர்மானத்தால் அந்நாட்டின் மீது தடை விதித்தது. ஆக்கிரமிப்பு தவறு; அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் குவைத் விடுபட்ட பின்னும் 2003 வரை தடை நீடித்தது. மருத்துவமனைகளில் மருந்தில்லை, குடிநீர் நிலையங்களுக்கு உதிரிப் பாகமில்லை. எண்ணெய் விற்று உணவு வாங்கும் திட்டம் 1996 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் போதவில்லை என்று, ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளை பக்தாதில் கவனித்து வந்த டெனிஸ் ஹாலிடே 1998இல் பதவியை விட்டு விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000இல் விலகினார். ஆட்சியாளரின் மாளிகையில் விளக்கு அணையவில்லை. மக்களின் வீட்டில்தான் அணைந்தது.

விமானங்கள் நின்றுபோனதால், அந்நாட்களில் ஜோர்தானின் அம்மான் நகரில் இறங்கிப் பாலைவனச் சாலையில் தரைவழியே பக்தாத் சென்றனர் ஜியாரத்காரர்கள். அந்தத் தடையை அம்மக்கள் கேட்கவில்லை. வருகிறவர் ஒரு கடையில் தேநீர் குடித்தால், ஒரு விடுதியில் தங்கினால், அது அங்குள்ள ஒரு குடும்பத்திற்குச் சோறு. சட்டத்திற்கு உட்பட்டு அவ்வாறு சென்றவர்களை நாம் குறை காணோம். ஹிஷாம் இப்னு அம்ரின் ஒட்டகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, தடையைக் கேட்டவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். ஒடுக்கப்பட்டவரே கேட்டிருந்தால் வீட்டில் இருந்துவிடுங்கள். மேலிருந்து அவர் தலையில் போட்டதானால், அவரைப் பார்க்கப் போவதில் பாவமில்லை.

ஆனால் பைத்துல் முகத்தஸ் விஷயத்தில் இந்த அளவுகோல் ஒரே பக்கம் சாய மறுக்கிறது. நம் ஊர்த் துண்டறிக்கைகளில் அதிகம் காணப்படுவதும் அதுதான்: அம்மான், பைத்துல் முகத்தஸ், கெய்ரோ. சூழ்நிலை சற்றுச் சீரானால் உடனே ஆள் சேர்க்கிறார்கள். பயணம் மேற்கொள்ளத் தகுந்த மூன்று பள்ளிகளில் மஸ்ஜிதுல் அக்ஸாவும் ஒன்று என்பது ஸஹீஹான ஹதீஸ். ஆயினும் 1967 முதல் அந்நகர் ஆக்கிரமிப்பில் இருப்பதால், இஸ்ரேலின் விசா பெற்று அங்கே செல்வது ஆக்கிரமிப்பை ஒப்புக்கொள்வதாகும் என்று ஷைக் யூசுப் அல்கர்ளாவி (ரஹ்) அவர்கள் தடுத்தார்கள். மாறாக, 2012 பிப்ரவரியில் தோஹா மாநாட்டில் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ், உலக முஸ்லிம்கள் குத்ஸுக்கு வர வேண்டும், சிறையிலிருப்பவரைப் பார்க்கச் செல்வது சிறைக்காவலருடன் உறவாடுவதாகாது என்ற கருத்தில் பேசினார். அதே ஆண்டு ஏப்ரலில் எகிப்தின் முப்தி அலீ ஜும்ஆ அவர்கள் சென்று தொழுதார்கள். அதற்காகத் தம் நாட்டில் கடும் கண்டனத்திற்கும் ஆளானார்கள்.

இரு தரப்பாருக்கும் சீறாவில் இடமுண்டு. ஹுதைபிய்யாவில் உஸ்மான் (ரலி) அவர்களிடம், நீர் மட்டும் தவாபு செய்துகொள்ளும் என்று குறைஷிகள் கூறினர். அல்லாஹ்வின் தூதர் தடுக்கப்பட்டிருக்கும்போது நான் செய்யேன் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனால் மறு ஆண்டு, ஹிஜ்ரி ஏழில், ஊர் குறைஷிகளின் ஆட்சியில் இருக்க, கஅபாவில் சிலைகள் இருக்க, நபி (ஸல்) அவர்கள் தோழர்களுடன் மூன்று நாட்கள் மக்காவில் தங்கி உம்ராவை நிறைவேற்றினார்கள்.

நம் கருத்து என்னவென்று கேட்கிறீர்கள். இபாதத்தின் நிய்யத்துடன், பாலஸ்தீன மக்களின் விருந்தாளியாகப் போவது கூடும். கிழக்கு ஜெருசலேமில் பாலஸ்தீனரின் விடுதியில் தங்குவது, அவர்கள் கடையில் உண்பது, அவர்களையே வழிகாட்டியாக வைப்பது; இவை இருந்தால் அது ஜியாரத். பழைய நகரில் பாபா பரீதுத்தீன் கஞ்ஜே ஷகர் (ரஹ்) அவர்கள் தங்கியதாக அறியப்படும் இந்தியர் தங்குமிடம் ஒன்று உண்டு; சஹாரன்பூரிலிருந்து சென்ற அன்சாரி குடும்பத்தார் 1924 முதல் அதைப் பராமரித்து வருகின்றனர். அங்கும் ஒரு ஸலாம் சொல்லி வரலாம். அக்ஸாவில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு மறுநாள் டெல் அவீவ் கடற்கரையில் படம் எடுத்துக்கொள்ளும் திட்டத்திற்கு நம்மிடம் ஒப்புதல் கேட்க வேண்டாம். காஸாவில் 2023 அக்டோபருக்குப் பின் நடந்ததைப் பார்த்த கண்களுக்கு அது தகாது. தபூக் செல்லும் வழியில் ஸமூது கூட்டத்தார் அழிந்த ஊரைக் கடந்தபோது, அழுதவர்களாக அன்றி நுழையாதீர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் தோழர்களை எச்சரித்தார்கள். எல்லா இடமும் வேடிக்கை பார்க்கும் இடம் அன்று.

விலை மலிவு பற்றியும் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் அமெரிக்கா அணு ஒப்பந்தத்திலிருந்து விலகி ஈரான் மீது மீண்டும் தடை விதித்த பின் அந்நாட்டு ரியால் வீழ்ந்தது. வெளியார்க்குச் சுற்றுலா மலிவாயிற்று. அங்குள்ள நோயாளிக்குச் சில அயல்நாட்டு மருந்துகள் எட்டாக்கனியாயின. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பிறந்து அடங்கிய தூஸும், ஹதீஸ் கலை இமாம் முஸ்லிம் (ரஹ்) வாழ்ந்த நைஸாபூரும் அந்நாட்டில்தான் உள்ளன. காணத்தக்க ஊர்கள்தாம். ஆனால் மலிவு என்ற ஒன்றுக்காகவே போய், வறுமையில் விற்கிறவனிடம் கம்பளத்திற்குப் பேரம் பேசி, அதைத் திறமையென்று ஊரில் வந்து சொல்வது நமக்கு அழகாகப் படவில்லை. வீசா, மாஸ்டர்கார்டு அட்டைகளும் அங்கு இயங்கா. ரொக்கம் தீர்ந்தால் திண்டாட்டம்தான்.

கடவுச்சீட்டு என்பது நாம் நம் அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கை. உடன்படிக்கையை நிறைவேற்றுவது வாஜிபு. எனவே வெளியுறவு அமைச்சகம் போக வேண்டாம் என்று அறிவுறுத்தியுள்ள காலத்தில், வேறு நாட்டு வழியாகச் சுற்றிச் செல்லும் தந்திரத்திற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைக்காதீர்கள். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இஸ்ரேல் 2013 முதல் கடவுச்சீட்டில் முத்திரையிடாமல் தனிச் சீட்டே தருகிறது. ஆனாலும் ஜோர்தான், எகிப்து எல்லைச் சாவடி முத்திரை பயணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். லெபனான், குவைத் போன்ற நாடுகள் அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக்கூடும். ஒரு வாரச் சுற்றுலாவிற்காகப் பிழைப்பை இழக்கலாமா?

போக இயலாதவர்கள் ஏங்க வேண்டியதில்லை. மைமூனா (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணி பைத்துல் முகத்தஸ் பற்றிக் கேட்டபோது, செல்ல முடியாவிட்டால் அதன் விளக்குகளுக்கு எண்ணெய் அனுப்புமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உள்ளது. அதன் ஸனதைப் பற்றி உலமாக்கள் பேசியிருக்கிறார்கள், கருத்தோ இனிமையானது.

இவ்வாண்டு பயணத்திற்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் தங்கள் துண்டறிக்கையை இஷாவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்திற்கு எடுத்து வாருங்கள். தங்கும் விடுதி யாருடையது, வழிகாட்டி எந்த ஊர்க்காரர், எந்த எல்லை வழியாக நுழைகிறார்கள் என்று அமர்ந்து பார்ப்போம். துண்டறிக்கையில் இல்லையென்றால், ஏற்பாடு செய்பவரிடமே எழுதி வாங்கி வாருங்கள். முன்பணம் கட்டிவிட்டவர்களும் வரலாம்.

வஸ்ஸலாம்.