ஹொப்சனின் தெரிவு



'ஹொப்சனின் தெரிவு' என்றோர் ஆங்கில மரபுத்தொடர் உண்டு. இரண்டு சங்கடங்களுள் ஒன்றைத் தெரிதல் என்பதே அதன் பொருளெனப் பல ஆண்டுகள் மாணவருக்குக் கூறி வந்தேன். அது பிழை. மொழிபெயர்ப்புப் பயிற்சியின்போது மாணவி ஒருத்தி அகராதியுடன் எழுந்து நின்றபோதுதான் அதனை அறிந்தேன்.

தோமஸ் ஹொப்சன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தவர். அங்கிருந்து லண்டனுக்குக் கடிதங்களும் பொதிகளும் ஏற்றிச் சென்றவர். பல்கலைக்கழக மாணவருக்குக் குதிரைகளை வாடகைக்கு விட்டவர். எல்லோரும் நல்ல குதிரையையே கேட்டால் அது ஓடியோடியே மாண்டுபோகும் அல்லவா? ஆகவே, இலாயத்தின் வாயிலுக்கு அண்மையில் நிற்கும் குதிரையை எடு, இல்லையேல் நடந்து போ என்று விதித்துவிட்டார். இதனால் குதிரைகள் முறைவைத்து ஓடின, களைத்தது இளைப்பாறியது. வந்தவருக்கோ, இலாயம் நிறையக் குதிரைகள் நின்றும் தெரிவதற்கு எதுவுமில்லை. 'தருவதை எடு, அல்லது விடு' என்பதே தொடரின் பொருள்.

1631இல் ஹொப்சன் காலமானார். கொள்ளைநோயால் அவரது லண்டன் பயணம் தடைப்பட்டிருந்த காலம் அது. அப்போது கேம்பிரிட்ஜில் கற்ற கவிஞர் மில்டன், அவர்மீது வேடிக்கை கலந்த இரு இரங்கற்பாக்கள் பாடினார். 1712இல் 'ஸ்பெக்டேற்றர்' ஏட்டில் ரிச்சட் ஸ்டீல் இக்கதையை எழுதினார்.

இத்தொடரில் வாடகைக்கு எடுத்தவரின் எரிச்சலே ஒலிப்பதாக எனக்குப் படுகிறது. குதிரையைக் கேட்டிருந்தால் ஹொப்சனை நீதிமான் என்றிருக்கும்.

மறுநாள் வகுப்பிலே அம்மாணவிக்கு நன்றி சொன்னேன். முன்னைய மாணவரின் கொப்பிகளில் என் பிழை இன்னும் அப்படியே கிடக்கிறது.