நோன்பு வருமுன் பேச வேண்டிய பேச்சு

(ரமளானை முன்னிட்டு நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பிள்ளையின் படிப்புக்கு, குமர் காரியத்துக்கு, மருத்துவச் செலவுக்கு என்றுதான் உதவி கேட்டு வருகிறார்கள். பேச்சு சற்று நீளும்போது குரலைத் தாழ்த்தி, "அவருக்குக் கொஞ்சம் அந்தப் பழக்கம் இருக்கு" என்பார்கள். எந்தப் பழக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஹராம் என்று எல்லாருக்கும் தெரிந்த ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே என்ற வெட்கம். இன்று அந்த வெட்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மதுவும் புகையிலையும் மூளைக்குள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். இது தெரியாததால் சில வீடுகளில் நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியமே உயிருக்கு ஆபத்தாகிவிடுகிறது.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு செல்லும் அடுத்த செல்லும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவே ஓர் இடைவெளி உண்டு. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அது இராது. ஒரு செல் செய்தி அனுப்ப, ஒரு ரசாயனத்தை அந்த இடைவெளியில் விடுகிறது. எதிர்ப்புறச் செல்லில் அதற்கென்றே ஏற்பிகள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் ரசாயனம் ஏற்பியில் பொருந்தியதும் செய்தி போய்ச் சேர்கிறது. நரம்புகள் இப்படி ரசாயனத்தால் பேசுகின்றன என்பதை 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி தவளையின் இதயத்தை வைத்துச் செய்த சோதனையில் காட்டினார். 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி நிகோடினைப் பாருங்கள். அசிட்டைல்கோலின் என்ற சாவிக்காகப் படைக்கப்பட்ட பூட்டு மூளையில் இருக்கிறது. நிகோடின் அதற்கு ஒரு கள்ளச்சாவி. பீடியோ சிகரெட்டோ, புகையை உள்ளிழுத்த 10 விநாடி அளவில் அது மூளையை அடைந்து அந்தப் பூட்டைத் திறக்கிறது. உடனே டோபமின் சுரக்கிறது. 'இது நல்லது, மறுபடியும் செய்' என்று மூளைக்குப் பாடம் சொல்லும் ரசாயனம் அது. தினமும் கள்ளச்சாவி நுழைய நுழைய, மூளை பூட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ள நிகோடினில் பாதி, சுமார் 2 மணி நேரத்தில் போய்விடும். பூட்டுகள் காலியானதும் எரிச்சல், படபடப்பு, கவனச் சிதறல் எல்லாம் வருகின்றன. "டென்ஷனுக்காகப் பிடிக்கிறேன்" என்கிறார் வீட்டுக்காரர். அந்த டென்ஷனில் ஒரு பங்கைக் கொடுத்ததே முந்தைய சிகரெட்தான்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனியுங்கள். நன்மை தீமையை நிதானித்துப் பார்க்கும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர 25 வயது வரை ஆகிறது. அதற்குள் பழகிய பிள்ளைக்கு விடுவது இன்னும் கடினம். உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலையில் புகை இல்லை; சட்டையில் வாடையும் இராது. ஆனால் உள்ளே போவது அதே நிகோடின்.

மது வேறு வழியில் வேலை செய்கிறது. மூளையில் காபா என்ற ரசாயனம் பிரேக். குளுட்டமேட் என்பது ஆக்சிலரேட்டர். மது பிரேக்கை அழுத்துகிறது, ஆக்சிலரேட்டரைத் தடுக்கிறது. அதனால்தான் முதலில் நிதானம் போகிறது, பிறகு நாக்கு குழறுகிறது, கால் தள்ளாடுகிறது, நேற்று நடந்தது நினைவில் இல்லாமல் போகிறது. மத்ரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரியும், 'கம்ர்' என்ற அரபுச் சொல்லின் வேருக்கு மூடுதல், மறைத்தல் என்று பொருள். பெண்கள் தலையை மூடும் 'கிமார்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. அறிவை மூடுவது என்பதால் அந்தப் பெயர்.

ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை இதற்கு ஈடுகட்டப் பார்க்கிறது. தன் பிரேக்கைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் மதுவை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும்? பிரேக் இல்லாத வண்டி பள்ளத்தில் இறங்குவதுபோல் ஆகும். சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். இதைப் பேய்க்கோளாறு என்று எண்ணி ஓதிப்பார்க்க அழைத்துப்போவதும், அறையில் போட்டுப் பூட்டுவதும் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

"பிறை பார்த்த இரவோடு நிறுத்திவிடுகிறேன்" என்று உம்மாவிடம் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. நிய்யத் நல்லதுதான். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர், அந்த இரவுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். மருத்துவர் வலிப்பு வராமல் காக்கும் மருந்தைக் கொடுத்து, நாளடைவில் குறைத்து நிறுத்துவார். வைட்டமின் பி1 கொடுப்பார். சிகிச்சை நோன்பு நாள்களில் வந்தால், நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விட்ட நோன்பைப் பிறகு களா செய்யலாம்.

புகைப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவருக்கு ரமளான் ஒரு நல்ல வாய்ப்பு. நோன்பு திறக்கும் நேரத்தில் 13 மணி நேரத்துக்கும் மேலாக அவர் நிகோடின் இல்லாமல் இருந்துவிட்டார். பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடிந்ததும் தெருமுனைக்குப் போகாமல், தராவீஹ் வரை தள்ளுங்கள். பிறகு ஸஹர் வரை தள்ளுங்கள். முதல் மூன்று நாள்தான் மிகக் கடுமை. கூடிப்போன பூட்டுகள் சில வாரங்களில் குறையத் தொடங்கி, மூன்று மாத அளவில் பழைய நிலைக்கு வந்துவிடும். மருத்துவர் ஆலோசனையோடு இரவில் நிகோடின் சூயிங்கம் பயன்படுத்தலாம்.

ஈமான் இல்லாததால்தான் விட முடியவில்லை என்று யாரையும் ஏசாதீர்கள். பழக்கத்தைத் தொடங்கியதற்கு அவர் பொறுப்பாளிதான். ஆனால் மாறிப்போன மூளை, ஏச்சால் திரும்பி வராது. தவ்பாவும் வேண்டும், மருந்தும் வேண்டும், வீட்டாரின் பொறுமையும் வேண்டும்.

போதை மீட்புக்கு 14446, புகையிலையை விட 1800-11-2356, பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களில் கட்டணமின்றிப் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அறக்கட்டளையிலிருந்து நாங்கள் வருவோம். பெயரைப் பதிவேட்டில் எழுத மாட்டோம். பள்ளிவாசலில் பேச மாட்டோம்.

ரமளானுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. கூப்பிட வேண்டியவர்கள் இந்த வாரமே கூப்பிடுங்கள். அல்லாஹ் நம் வீடுகளுக்கு ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.