ஓங்கிலின் மூக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "எதைப் பற்றிப் பேச?" என்று செயலாளரிடம் கேட்டேன். "உங்க டால்பினைப் பற்றியே பேசுங்கண்ணே, சாப்பாட்டுக்கு முன்னாடி யாரும் தூங்க மாட்டாங்க" என்றார். ஆகவே டால்பின்தான்.

நம் கடற்கரை மக்கள் ஓங்கில் என்று சொல்லும் இனங்களில் ஒன்று காமன் டால்பின். கரிய முதுகு, வெள்ளை வயிறு. விலாவில் மணற்கடிகாரத்தைப் படுக்க வைத்தாற்போல ஒரு பட்டை. முன்பாதி மஞ்சள், பின்பாதி சாம்பல். 1758-ல் லின்னேயஸ் இதற்கு டெல்பினஸ் டெல்பிஸ் என்று பெயர் வைத்தார். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நான் படித்த காலத்தில் நினைத்தேன்.

முடியவில்லை. 1829-ல் பிரெஞ்சு அறிஞர் குவியே, நம் மலபார்க் கரையிலிருந்து போன ஒரு மண்டையோட்டைப் பார்த்து, மூக்கு ரொம்ப நீளமாக இருக்கிறதே என்று தனிப் பெயர் கொடுத்தார். அந்தப் பெயர் முன்பே வேறொன்றுக்கு வைக்கப்பட்டிருந்ததால், 1971-ல் வான் பிரீ என்பவர் டிராபிகாலிஸ் என்று மாற்றினார். 1994-ல் ஹெய்னிங், பெரின் என்ற இருவர் கலிபோர்னியாக் கரை விலங்குகளை அளந்து, நீள மூக்கு ஓர் இனம், குட்டை மூக்கு இன்னோர் இனம் என்று பிரித்தார்கள். உலகமே ஏற்றுக்கொண்டது.

பிறகு டி.என்.ஏ. வந்தது. வெவ்வேறு கடல்களின் நீள மூக்குக்காரர்கள் ஒரே குடும்பம் அல்ல, அந்தந்தக் கடலில் தனித்தனியாக மூக்கு நீண்டவர்கள் என்று தெரிந்தது. 2016-ல் எல்லாரையும் மறுபடி ஒரே இனமாகச் சேர்த்தார்கள். நம் இந்தியப் பெருங்கடல் நீள மூக்கு இப்போது அதன் துணையினம். பிரித்ததும் விஞ்ஞானம்தான், சேர்த்ததும் விஞ்ஞானம்தான்.

இதில் என் கதை ஒன்று உண்டு. பெருமையான கதை இல்லை.

1986-ல், எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருந்தேன். ஒரு நாள் விடியற்காலை, பருவலையில் சிக்கிச் செத்த ஓங்கில் ஒன்றைக் கரையில் போட்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர், "மூக்கைப் பாரு தம்பி, என்னா நீட்டு!" என்றார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நோட்டில், "காமன் டால்பின், ஆண், ஒன்று" என்று எழுதிவிட்டுக் கிளம்பினேன். அன்று மாலையே அதைப் புதைத்துவிட்டார்கள்.

1994 கட்டுரையைப் படித்தபோது அந்தப் பெரியவர் குரல்தான் காதில் விழுந்தது. மூக்கு எத்தனை சென்டிமீட்டர்? தெரியாது. பல் எத்தனை? எண்ணவில்லை. நீள மூக்குள்ள ஸ்பின்னர் டால்பினும் நம் கடலில் உண்டு. காமன் டால்பினுக்கு மேலண்ணத்தில் இரண்டு ஆழமான பள்ளம் இருக்கும், ஸ்பின்னருக்கு இருக்காது. வாயைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். இன்றைக்கு என் குறிப்பை வைத்து அது காமன் டால்பின்தானா என்றே என்னால் சத்தியம் பண்ண முடியாது. அவர் பார்த்ததை நான் எழுதியிருந்தால்கூட அது பதிவாகியிருக்கும்.

செத்த ஓங்கில் ஒன்று எவ்வளவு சொல்லும் தெரியுமா? பல்லை மெல்லியதாக அறுத்து, அடுக்குகளை எண்ணினால் வயது. இரைப்பையில் கிடக்கும் மீன்களின் காதுக்கல்லைப் பார்த்தால், என்ன மீன் தின்றது என்பது. தோலடிக் கொழுப்பைச் சோதித்தால், கடலில் நாம் கொட்டிய பூச்சிமருந்து. நாம் கேட்டால்தான் சொல்லும்.

கேட்க வேண்டிய அவசரமும் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் சூரைமீனுக்கு விரிக்கும் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் சிறு திமிங்கில இன விலங்குகள், பெரும்பாலும் டால்பின்கள், சிக்கியிருக்கலாம் என்று 2020-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மதிப்பீடு என்று ஏன் சொல்கிறேன்? எண்ணி எழுதி வைத்தவர்கள் குறைவு. எந்த இனம் எத்தனை என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது? மீனவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வலை கிழிந்து அவருக்கும் நஷ்டம்தான். சட்டத்துக்குப் பயந்து அவர் வாய் மூடினால், நமக்குத் தெரிய வேறு வழியும் இல்லை.

தம்பி தங்கைகளே, கரையில் ஓங்கிலைக் கண்டால் முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ம் வருஷச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. இடம், தேதி, நேரம் எழுதுங்கள். பக்கவாட்டில் ஒரு படம், தலையை மட்டும் ஒரு படம், பக்கத்தில் ஓர் அளவுகோல். கையில் போன் இருக்கிறது; எங்களுக்கு அந்தச் சாக்குச் சொல்ல வழி இருந்தது, உங்களுக்கு இல்லை! பக்கத்தில் நிற்கும் மீனவர் என்ன சொல்கிறார் என்பதையும் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

பெயர் இன்னும் மாறலாம். 1829-ல் பார்த்த அந்த மலபார் மண்டையோட்டை யாரோ ஒருவர் ஊர்ப் பெயரோடு பத்திரமாக அனுப்பி வைத்ததால்தான் இத்தனை பேச்சு. நம் ஆய்வுக்கூடத்தில், "லேபிள் இல்லாத ஜாடி ஊறுகாய் ஜாடி" என்று எங்கள் பேராசிரியர் திட்டுவார். அன்று சிரித்தோம். நான் அதைக் கற்றுக்கொள்ள ஓர் ஓங்கில் போக வேண்டியிருந்தது. நீங்கள் இன்றே கற்றுக்கொள்ளுங்கள்.