அடுப்புப் புகையும் அக்காவின் இளைப்பும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

சுகாதாரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சுகர், பிரஷரைப் பற்றி வீடு வீடாக வந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னைக்கு இளைப்பைப் பற்றிப் பேசுறேன். அதில் என்னுடைய தப்பும் ஒண்ணு இருக்கு.

எங்க குழுவில் ஒரு அக்கா. வயசு 56. காய்கறிக் கூடையைத் தலையில் வைச்சு நாலு தெரு சுத்தி வித்துட்டு வருவாங்க. கொஞ்சம் கொஞ்சமா அது குறைஞ்சது. நாலு தெரு ரெண்டாச்சு. அப்புறம் வீட்டுத் திண்ணையிலேயே கூடையை வைச்சு உட்கார்ந்துட்டாங்க. மூணு தவணை நின்னு போச்சு. கூட்டத்தில் எல்லார் முன்னாடியும், "உடம்பு வளைஞ்சு வேலை செஞ்சா தவணை ஏன் நிக்குது?"ன்னு கேட்டது நான்தான். அவங்க பதில் பேசல.

2021ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து தன்னார்வலரா மாசா மாசம் அவங்க வீட்டுக்குப் போறேன். பிரஷர் பார்ப்பேன், சுகர் பார்ப்பேன், மாத்திரை கொடுத்து எழுதிக்கிட்டு வந்துடுவேன். எழுந்து வாசலுக்கு வர்றதுக்குள்ளேயே அவங்களுக்கு மூச்சு வாங்கும். "வயசாச்சுல்ல"ன்னு அவங்களே சொன்னாங்க, நானும் அப்படியே நினைச்சேன். 30 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு நிரப்புற படிவத்தில் எதை எரிச்சு சமைக்கிறீங்கன்னு ஒரு கேள்வி உண்டு. வீட்டில் சிலிண்டர் இருந்தது, 'கேஸ்'னு போட்டுட்டேன். அந்தச் சிலிண்டர் டீ போடவும், விருந்தாளி வந்தா சமைக்கவும்தான். சோறு, வெந்நீர் எல்லாம் கருவேல விறகில். எனக்குத் தெரியாதா என்ன? சிரிக்காதீங்க, உங்க வீட்டிலும் அப்படித்தானே!

போன மார்கழியில் இருமல் தாங்காம அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாங்க. நானும் கூடப் போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது, "எத்தனை வருஷம் விறகடுப்புக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க?" அக்கா விரல் விட்டு எண்ணி, 40ன்னு சொன்னாங்க. பீடி, சிகரெட் தொட்டதில்லை. அதனாலதான் யாருக்கும் சந்தேகமே வரல. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லைன்னு வந்தது. எக்ஸ்ரேயும் நல்லா இருந்தது. நான் கிளம்பலாம்னு எழுந்துட்டேன். டாக்டரம்மா விடல. இந்த நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், ஊதிப் பார்க்கிற பரிசோதனை வேணும்னு சொல்லி மாவட்ட மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தாங்க.

அது நாம ஊதுகுழலால் அடுப்பு ஊதுற மாதிரிதான். ஊசி கிடையாது, வலி கிடையாது. மூச்சை முழுசா இழுத்து, ஒரே மூச்சா, ஆறு விநாடிக்குக் குறையாம ஊதணும். வெளியே வர்ற மொத்தக் காத்தில் முதல் விநாடியில் எவ்வளவு வருதுன்னு கருவி கணக்குப் போடும். உறிஞ்சுற மருந்து கொடுத்து, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊதச் சொல்வாங்க. அப்பவும் 100க்கு 70க்குக் கீழே இருந்தா மூச்சுக் குழாயில் அடைப்பு இருக்குன்னு அர்த்தம். அக்காவுக்கு 61. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சி.ஓ.பி.டி.ன்னு டாக்டர்கள் சொல்றாங்க.

நம்ம பொம்பளைங்க மூச்சு வாங்குதுன்னு டாக்டர்கிட்ட போறதில்லை, வேலையைக் குறைச்சுக்கிறோம். குறைச்ச வேலைக்கு மூச்சு வாங்காது, அதனால நோயே இல்லைன்னு நினைச்சுக்கிறோம். போன நுரையீரல் திரும்பி வராது. ஆனா சீக்கிரம் கண்டுபிடிச்சா, உறிஞ்சுற மருந்தால் இளைப்பைக் குறைக்கலாம், புகையை விட்டு விலகி மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்.

எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஊத வைக்கத் தேவையில்லை. முதலில் கேட்டாலே போதும். அடுத்த மாசக் கூட்டத்தில் சேமிப்புப் பணம் எண்ணுறதுக்கு முன்னாடி ஊக்குநர்கள் இதைக் கேளுங்க: சம வயசுக்காரங்களோட மேடு இல்லாத ரோட்டில் நடந்தா நீ பின்தங்கிப் போறியா? முக்கால்வாசி நாள் இருமலும் சளியும் இருக்கா? அப்படி இருக்கிறவங்க எத்தனை வருஷம் விறகுப் புகையிலோ, செங்கல் சூளையிலோ, பஞ்சு மில்லிலோ இருந்தாங்கன்னும் கேட்டு, பேரை என்கிட்ட கொடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன். இருமல் ரெண்டு வாரம் தாண்டிட்டா கூட்டம் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே சளிப் பரிசோதனைக்குப் போயிடுங்க. தவணை தவறினவங்ககிட்டயும் முதலில் உடம்பு எப்படி இருக்குன்னு கேளுங்க.

அக்காவோட தவணையைக் குழு மூணு மாசம் தள்ளி வைச்சது. இப்போ மருந்து உறிஞ்சிட்டு ரெண்டு தெரு போறாங்க. நான் அவங்க வீட்டுக்குப் போய், கூட்டத்தில் பேசினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். படிவத்தில் தப்பா எழுதினதையும் சொன்னேன். "மன்னிப்பு கிடக்கட்டும், முதல்ல அந்த கேஸை அடிச்சுட்டு வா"ன்னாங்க. அடிச்சுட்டு, விறகுன்னு எழுதிட்டேன்.